ரெண்டரைக் கட்டைக்கு ஒரு கம்பி

"சுருதி எவ்வளவு?" என்று கேட்டார் யூசுப் ராவுத்தர்.

பாலக்காட்டில் கோட்டை மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர் கடை. முன்பாதியில் குடைகளும் சுவர்க்கடிகாரங்களும். பின்பாதியில் ஹார்மோனியம், தபலா, கிட்டார். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். கண்ணாடி மேசையின் மேல் என் எலெக்ட்ரிக் கிட்டார் கம்பியெல்லாம் கழற்றப்பட்டு, உரித்த கோழி மாதிரி மல்லாந்து கிடந்தது.

"மூணு கட்டை," என்றேன்.

கடை வாசலில், தொங்கும் குடைகளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி ஈஸ்வரி. தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"மூணு இல்லீங்க. ரெண்டரை."

ராவுத்தர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையில் வைத்திருந்த திருகாணி கீழே விழுந்து உருண்டு தபலாவுக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் சொன்னது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் யானை வந்த கதைக்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படியும் சறுக்கும்

நான் மூணாறு பக்கம் சூரியநெல்லியில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இன்னொரு முறை. எங்கள் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். ஈஸ்வரி கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்து தென்னந்தோப்பு ஊர்க்காரி. கேரளம்தான் என்றாலும் அவர்கள் வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ்.

கல்யாணமான புதிதில் நான் "வா புள்ள" என்றால் அவளுக்கு முகம் சுருங்கும். அவள் "ஏனுங்க" என்று கூப்பிட்டால், பின்னால் யாராவது பெரியவர் நிற்கிறாரா என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.

அவள் பாடுவாள். முறையாகக் கற்றதில்லை. ஆனால் ஐந்து கட்டையில் சுருதி வைத்து, மேலே போகும்போது ஒரு சிரமமும் தெரியாமல் பாடுவாள். எஸ்டேட் மாரியம்மன் கோயில் பஜனையில் மைக் வேலை செய்யாத நாளிலும் கீழ் டிவிஷன் வரைக்கும் அவள் குரல் கேட்கும்.

கிட்டார் எனக்கு வந்தது சின்னக்கானலில் ஒரு விடுதியிலிருந்து. அங்கே ஜெனரேட்டர் பழுதானால் என்னைக் கூப்பிடுவார்கள். சாயந்திரங்களில் வாசிக்க வைத்திருந்த குழுவை அவர்கள் கலைத்துவிட்டபோது, மூலையில் கிடந்த கிட்டாரைக் காட்டி, "வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார் மேனேஜர். இளவயதில் எஸ்டேட் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த விரல்கள் சும்மா இருக்குமா?

ஆனால் ஈஸ்வரியின் பாட்டோடு அது ஒட்டவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள்.

"நீங்க படிப்படியா எறங்கறீங்க. நான் சறுக்கீட்டு வர்றேன். பாதி வழில திரும்பிப் பாத்தா உங்களைக் காணோம்."

அவள் சொன்னது சரி. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் படிகள்தாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவலாமே தவிர, நடுவில் வழுக்கிப் போக முடியாது.

மறுநாள் ஃபேக்டரியில் ஸ்பேனர் செட்டைத் துடைக்கும்போது ஒரு நீளச் சாக்கெட் கையில் வந்தது. குழாய் மாதிரி இருக்கும். சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன், பொருந்தியது. வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பிமேல் வைத்து இழுத்தேன். படிகளைத் தொடாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது ஒலி. அடுக்களையிலிருந்து ஈஸ்வரி கரண்டியோடு ஓடிவந்தாள்.

உலகத்தில் நான்தான் இதைக் கண்டுபிடித்தேன் என்று இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். இதற்கு ஸ்லைடு என்று பெயர், பலகாலமாகப் பலர் வாசிக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. பரவாயில்லை, அந்த இரண்டு நாள் நன்றாக இருந்தது.

ஸ்லைடு வாசிக்கிறவனுக்குக் கம்பிதான் பாதி வாத்தியம். விரலால் வாசிக்கிறவர்கள் அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று மெல்லிசாகப் போடுவார்கள். ஸ்லைடுக்கு அது ஆகாது. கம்பி தொய்ந்தால் சாக்கெட் அதை அமுக்கி, கீழே படிகளில் மோதிக் கடகடவென்று சத்தம் வரும். கம்பியின் பருமனை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கணக்கு வைத்துப் பத்து, பதினொன்று என்று சொல்வார்கள். ஃபேக்டரியில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தியே தொய்வைச் சொல்லிவிடுகிறவன் நான். ஈஸ்வரியின் ஐந்து கட்டைக்கு முதல் கம்பி பதினொன்று என்று முடிவு செய்தேன். வருஷக்கணக்கில் அதுவே ஓடியது.

ஒரு ஃபோன்

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. கோட்டயத்தில் ஆபரேஷன். "பேடிக்கண்டா" என்றார் டாக்டரம்மா. பயப்பட ஒன்றுமில்லைதான், நல்லபடியாக முடிந்தது. குரல் கொஞ்ச நாள் கம்மும், சிலருக்கு இறங்கியே நின்றுவிடும் என்பதையும் சொல்லியிருந்தார்.

ஈஸ்வரிக்கு இறங்கியே நின்றுவிட்டது.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுப் பழைய ஐந்து கட்டையிலேயே தொடங்கினாள். மூன்றாவது அடி மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் கேஸ் ஏஜென்சியிலிருந்து ஃபோன். அவள்தான் எடுத்தாள். "சேட்டா, சிலிண்டர் வந்நிட்டுண்டு" என்றது மறுமுனை. சேட்டா என்றால் அண்ணன்.

"என்னையச் சேட்டாங்கறான்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் சிரித்திருக்கக் கூடாது. அவள் சிரித்தது வேறு. அதன் பிறகு ஃபோன் அடித்தால் என்னைக் கூப்பிடுவாள். கோயில் பஜனைக்குத் தலைவலி, கல்யாணத்துக்கு வேலை. "போனா பாடச் சொல்லுவாங்க" என்பாள். அவள் வேலை செய்யும் எஸ்டேட் கிரெச்சுக்கு மட்டும் ஒருநாளும் தவறாமல் போனாள். அங்கே இருப்பது எல்லாம் நடக்கத் தொடங்காத குழந்தைகள்.

தகரச் சத்தம்

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரின் சுருதியை இறக்கத் தொடங்கினேன்.

என் யோசனை இதுதான். அவளுடைய பாட்டையே, அவள் குரல் இப்போது இருக்கும் இடத்தில் வைத்து வாசித்துக்கொண்டே இருந்தால், அடுக்களையில் வேலையாக இருக்கும்போது தன்னை மறந்து கூடப் பாடிவிடுவாள். அவள் பேசுவதைக் கவனித்து, மூன்று கட்டை இருக்கும் என்று மதிப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அரைக் கட்டை இறக்கினேன்.

நாலரையில் சரியாக இருந்தது. நாலில் கம்பி தொய்ந்தது. மூன்றுக்கு வந்தபோது பதினொன்றாம் நம்பர் கம்பி துணி காயப்போடும் கொடிமாதிரி ஆடியது. சாக்கெட்டை வைத்தால் படிகளில் இடித்தது.

"ஏனுங்க," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது, "தகரத்தை எதுக்குங்க போட்டுத் தட்டறீங்க?"

கனமான கம்பி வேண்டும் என்று ஃபோனில் தேடி ஆர்டர் செய்தேன். நல்ல பொன்னிறத்தில் வந்தது. போட்டதும் கிட்டாருக்கு நகை பூட்டியது மாதிரி இருந்தது. ஆனால் முதல் இரண்டு கம்பியும் சத்தம் போட, மற்ற நாலும் பக்கத்து லயத்து வீட்டிலிருந்து பேசுவது மாதிரி கேட்டன. வெண்கலம் சுற்றிய கம்பி அது, மரக்கிட்டாருக்கானது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே இருப்பது காந்தம். அது இரும்பின் பேச்சைத்தான் கேட்கும், வெண்கலத்தின் பேச்சைக் கேட்காது. இருபது வருஷம் மோட்டார் பிரித்துப் போட்டவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் கழற்றிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை பூங்கொடி, பாலக்காட்டுப் பக்கம் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டாள். இதற்குத் தலைவலி சொல்ல முடியாது.

"போறது போலாங்க. பாட மாட்டேன். நீங்களே எல்லார்த்துகிட்டயும் சொல்லிருங்க," என்றாள்.

"சொல்லுதேன்."

"அப்புறம் கிட்டார் எதுக்குங்க?"

"பாலக்காட்டுல கம்பி மாத்தணும்லா?"

பொய் சொல்லவில்லை.

கம்பளிக்குள்

மூணாறிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ். கிட்டாருக்கு உறை இல்லாததால் எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மறையூர் தாண்டியதும், "குழந்தைக்குக் காத்து வேணாமா, மூஞ்சியைத் திறந்து விடுங்க" என்றார் கண்டக்டர். திறந்து காட்டினேன். உடுமலை வரை எங்கள் பக்கமே அவர் வரவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் ஏறிய காவலர் கம்பளியைத் தட்டிப் பார்த்தார். "எந்தா இது?"

"கிட்டாராணு சாரே," என்றாள் ஈஸ்வரி.

"ஆஹா. ஆரா பாடுந்நது?"

யார் பாடுவது என்று அவர் சும்மாதான் கேட்டார். ஈஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிட்டாரை மறுபடி சுற்றினேன்.

மறுபடியும் கடை

இப்போது ராவுத்தர் கடைக்குத் திரும்புவோம். விசேஷத்துக்கு முந்தின நாள் அது. ஈஸ்வரி என்னோடு வந்தது தங்கைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்க. கடிகாரம் வாங்கியாயிற்று. வேலை முடிந்தால் கிளம்பலாம் என்று தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்தான், "ரெண்டரை" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"கிரெச்சுல புள்ளைங்களைத் தூங்க வெக்கறப்ப பாடிப் பாத்தனுங்க. போனுல சுருதிப்பெட்டி இருக்குதில்ல. அதை வெச்சு ஒவ்வொண்ணா எறக்கிப் பாத்தேன்."

"எத்தனை நாளா?"

"ஓணம் லீவு முடிஞ்சதுல இருந்து." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தக் கொரல்ல சீக்கிரமாத் தூங்கிருதுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீங்க வாராவாரம் கிட்டாரை எறக்கீட்டே போனீங்களே, என்கிட்டச் சொன்னீங்களா?"

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுச் சண்டையா வியாபாரமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு ஹார்மோனியத்தை முன்னால் இழுத்து, துருத்தியைத் தள்ளி ரெண்டரைக் கட்டையை அழுத்தினார்.

"அம்மா, ஒரு தடவை சேத்துப் பிடிச்சுக் காட்டுங்க. கம்பியைக் குரலுக்குத்தானே போடணும்? வெறும் நம்பருக்குப் போட முடியாதில்லையா?"

குடை வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஈஸ்வரி அவர்களைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறக்காமல், "ம்..." என்று பிடித்தாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறேன். தண்ணீர் நிறைந்த குடத்தைத் தரையில் வைக்கும்போது வருமே, அப்படி ஒரு கனம் அதில் இருந்தது. கடிகாரங்கள் எல்லாம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தன. நான் குனிந்து தபலாவுக்கு அடியில் திருகாணியைத் தேடுவதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ராவுத்தருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கம்பி எங்கே நிற்கும் என்று தெரியும். முதல் கம்பியை மட்டும் ஒவ்வொரு பருமனிலும் போட்டுப் பார்ப்போம் என்றார். பன்னிரண்டு: சாக்கெட் இடித்தது. பதின்மூன்று: நன்றாக இருந்தது. எனக்குப் போதும் என்று பட்டது.

"அடுத்ததையும் போடுங்க," என்றாள் ஈஸ்வரி. நாற்காலியோடு மேசைக்கு வந்துவிட்டிருந்தாள்.

பதினான்கு: கெட்டியாக நின்றது. ஒலி பருத்து வந்தது.

"பதிமூணு மதிம்மா, போதும்," என்றார் ராவுத்தர்.

"பதினாலு இருக்கட்டுங்க. இன்னைக்கு ரெண்டரை. நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது."

ராவுத்தர் பதின்மூன்றைச் சுருட்டி மறுபடி உறைக்குள் போட்டார்.

மூன்றாவது கம்பியில்தான் தகராறு. கனமான செட்டுகளில் மூன்றாவதும் சுற்றிய கம்பியாக வரும். அதன்மேல் சாக்கெட் ஓடினால் சரசரவென்று உரசும். "பாட்டுக்குள்ள யாரோ பாயை இழுத்துட்டுப் போறாப்பல இருக்குது" என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள். சுற்றாத வெறும் கம்பியில் இருபத்திரண்டு ஒன்றை ராவுத்தர் தேடி எடுத்தார். கீழ்ச்சுரக் கம்பிகள் மூன்றுக்கும், தட்டையான நாடாபோலச் சுற்றி வழவழவென்று இருக்கும் கம்பி. அது யாரும் கேட்காமல் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. இரும்புதானே என்று இருமுறை கேட்டுக்கொண்டேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று ஈஸ்வரி பார்த்தாள். வெண்கலக் கதையை அங்கேதான் சொல்ல வேண்டியதாயிற்று. ராவுத்தர் சிரித்த சிரிப்பில் துருத்தி தானாகத் திறந்துகொண்டது.

கனத்த கம்பிகள் கிட்டார் தலைப்பக்கத்து வெட்டுக்குள் இறங்கவில்லை. என் பையில் எப்போதும் சின்ன அரம் இருக்கும். அரை மணி நேரம் ராவினேன். உட்கார்ந்தன.

பால் பொங்கியது

மறுநாள் பூங்கொடியின் வீட்டில் பெயின்ட் வாசனையும் சாம்பிராணியும். மாட்டைக் கன்றோடு உள்ளே ஓட்டி வந்தார்கள். பால் பொங்கியது. மைக் செட்காரர் என் கிட்டார் ஒயரைத் தன் பெட்டியில் செருகிக் கொடுத்தார். சும்மா வாசிப்பேன், அவள் பாட மாட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அவளுடைய தாய்மாமா யார் சொல்வதையும் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம ஈஸ்வரி, லட்சுமி மேல ஒரு பாட்டுப் பாடும்" என்று அறிவித்துவிட்டார்.

நான் எழுந்து மறுக்கத் தயாரானேன். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டரை வெச்சிருக்கீங்ளா?"

"வச்சிருக்கேன்."

முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடியில், மேலே ஏறும் இடத்தில், குரல் உடைந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு முன்னால் நடந்தது மாதிரியேதான். ஆனால் இங்கே எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையல் பந்தலில் கரண்டி அண்டாவில் படும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள். "அரை எறக்குங்க. ரெண்டு வெய்ங்க."

"இப்பவா?"

"பின்ன, சோறு உண்டதுக்கப்புறமா?"

ஆறு கம்பி. ஒவ்வொன்றாக முறுக்காணியைத் தளர்த்தினேன். மைக் செட் வழியாக ஙொய்ங் ஙொய்ங் என்று தெரு முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் அதுதான் பாட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் கை வியர்த்து முறுக்காணி வழுக்கியது.

ஈஸ்வரி மைக்கை எடுத்தாள்.

"ஆபரேஷன் பண்ணுனதுல கொரல் கீழ எறங்கிருச்சுங்க. எந்த எடத்துல போயி உக்காந்திருக்குதுன்னு நானும் ஊட்டுக்காரருமாத் தேடீட்டு இருக்கறோம். செத்த பொறுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பார்த்தேன்.

இரண்டு கட்டையில் மறுபடி தொடங்கினாள். ஃபேக்டரியில் இலை வாட்டும் பெரிய விசிறியைப் போட்டதும், காதுக்கு முன்னால் பாதத்துக்குத்தான் அது தெரியும். அந்த மாதிரி இருந்தது. அந்த ஏறும் இடம் வந்தது. ஏறினாள், நின்றாள், மெதுவாகச் சறுக்கி இறங்கினாள். சாக்கெட்டை அவள் கூடவே இழுத்து வந்தேன். அத்தனை இறக்கியும் பதினாலாம் நம்பர் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. பதின்மூன்று போட்டிருந்தால் இடித்திருக்கும். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும் என்பது அவளுடைய கட்டளை.

பந்தியில் உட்கார்ந்தபோது பூங்கொடியின் மாமியார் ஈஸ்வரியின் எதிரில் வந்து நின்றார். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறவர்.

"பழைய கொரல் இல்ல, கண்ணு."

என் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்கத்தே. இது வேற."

மாமியார் யோசித்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்குது. முருகன் மேல ஒண்ணு பாடுவியே, அது இந்தக் கொரல்ல எப்படி இருக்கும்?"

"எனக்கும் தெரியலீங்கத்தே. இன்னும் பாடிப் பாக்கல." கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஏனுங்க, கிட்டாரை எடுங்க."

அன்று அவள் இன்னும் நாலு பாட்டுப் பாடினாள். நான் பாயசம் குடிக்கவில்லை.